வரும்போது கடல் கை

குப்பனைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் நான் அவரைப் பார்த்துச் சிரித்த கதையை எழுத வேண்டியிருக்கிறது. மொத்தம் மூன்று தடவை சிரித்தேன். முதல் இரண்டும் போகட்டும். மூன்றாவது சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரில், எனக்கு ஒரு மருந்துக் கடை. திண்டிவனம், விழுப்புரம் பஸ்களில் வந்து இறங்கும் நோயாளிகள் ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் ஸ்கேன் கவருமாகக் காலை ஏழு மணிக்கே கடை முன்னால் நிற்பார்கள். எனக்குப் பொறுமை குறைவு. "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று ஒரே ஆள் ஐந்தாவது தடவை கேட்டால் குரல் உயர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காவிட்டால் என் கடை மாத்திரையை நானே விழுங்க வேண்டியிருக்கும். ரிமோட்டில் ஓட்டும் மாதிரி விமானங்களைச் செய்து பறக்கவிடுவது என் பைத்தியம். கடையின் கூரையில், மின்விசிறிக்குச் சற்றுத் தள்ளி, நாலடி இறக்கை உள்ள ஒன்று எப்போதும் தொங்கும்.

ஒரு நாள் கைத்தடியோடு வந்த ஒரு ஆள், சீட்டை நீட்டாமல் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கறுத்து இறுகிய உடம்பு. வயது ஐம்பதுக்குள் இருக்கும்.

"சார், இதுக்கு சுக்கான் எங்க இருக்கு?"

"இது படகு இல்லைங்க," என்று சொல்லிச் சிரித்தேன். இது முதல் சிரிப்பு.

அவர் அசரவில்லை. "திரும்பணும்னா சுக்கான் இருந்துதானே ஆவணும்?"

நியாயமான கேள்விதான். விமானத்தைக் கழற்றி இறக்கி, வாலில் நிமிர்ந்து நிற்கும் பலகையையும் அதன் பின்னால் இடமும் வலமும் அசையும் பகுதியையும் காட்டினேன். விரலால் அதை மெல்ல ஆட்டிப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தும் அவர் கையை எடுக்கவில்லை.

அவர்தான் குப்பன். வீராம்பட்டினத்துக்காரர். இருபத்தேழு வருஷம் ஃபைபர் படகில் பின்னால் நின்று இன்ஜின் கைப்பிடியைப் பிடித்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் படகு கரை ஏறும்போது அலை புரட்டிப் போட்டு, படகின் விளிம்பு இடுப்பில் இறங்கிவிட்டது. எலும்புக்குள் இரும்பு வைத்தார்கள். இனிமேல் படகில் ஏறிக் குதிக்கிற வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படகை மச்சான் ஓட்டுகிறார். குப்பன் கரையில் உட்கார்ந்து வலை சிக்கெடுக்கிறார். மாதம் ஒரு தடவை இடுப்பைக் காட்ட வருகிறவர், அன்றிலிருந்து மாதம் மூன்று நான்கு தடவை வர ஆரம்பித்தார், என் விமானத்தைக் காட்டச் சொல்லி.

அப்புறம் தானே ஒன்று செய்தார். மீன் ஐஸ் பெட்டியின் தெர்மாகோலை அறுத்து இறக்கையும் உடம்பும் இழைத்து, படகு ஓட்டையை அடைக்கிற ரெசினை அதன் மேல் பூசியிருக்கிறார். படகுக்காரர் வேறெதைப் பூசுவார்? அந்த ரெசின் தெர்மாகோலைத் தின்றுவிடும்.

"டீ குடிச்சிட்டு வந்து பாக்கறேன், விமானத்த காணோம் சார். தோலு மட்டும் இருக்கு."

கடை வரிசையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். இது இரண்டாவது.

குப்பன் நான் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார். "செரி, மொதல்ல என்னா பூசணும்?" என்றார். ஃபெவிக்காலில் பேப்பரை ஒட்டிக் காய வைத்து, அதன் மேல் ரெசின் பூசினால் ஒன்றும் ஆகாது என்றேன். சரியென்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து ஐந்தடி இறக்கையோடு ஒரு விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் பதினோரு வருஷமாகச் செய்கிறேன். என் கைக்கு அந்த வழவழப்பு வந்ததே இல்லை. இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினேன். மூக்கும் தாழவில்லை, வாலும் தாழவில்லை. உண்மையைச் சொன்னால் பொறாமையாக இருந்தது. படகுகளில் எழுதுகிற மாதிரியே இறக்கையில் நீலப் பெயின்டில் மனைவியின் பெயரை எழுதியிருந்தார்: பாக்யலட்சுமி.

என் பழைய ரேடியோ செட்டை, அதாவது ரிமோட்டை, கொடுத்தேன். மோட்டாரையும் சுக்கானை இழுக்கிற சர்வோவையும் எப்படி இணைப்பது என்று காட்டினேன். செட்டில் இருக்கிற குச்சியை எந்தப் பக்கம் தள்ளினால் விமானம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைப் போய் யாராவது சொல்வார்களா என்று இருந்துவிட்டேன்.

நாங்கள் பறக்கவிடும் இடம் மூலக்குளம் தாண்டி, வில்லியனூர் சாலையிலிருந்து உள்ளே போக வேண்டும். ஒரு சொல்தா குடும்பத்தின் நிலம். பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். மனை பிரித்து, தார் ரோடு போட்டு, கல் நட்டு, அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த ரோடுதான் எங்கள் ஓடுபாதை.

குழுவில் ஏழு பேர். தலைவர் புருஷோத்தமன், ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். எங்களில் சின்னவர், கறாரில் பெரியவர். புதிதாக வருகிறவரின் விமானத்தை முதல் தடவை தலைவர்தான் ஓட்டுவார். அதற்கு முன்னால் ஒருவர் வாலைப் பிடித்துக்கொண்டு குந்துவார். செட் வைத்திருப்பவர் குச்சியைத் தள்ளத் தள்ள, "வலது", "இடது" என்று அவர் கூவ வேண்டும். எந்தப் பக்கம் தள்ளினோமோ அந்தப் பக்கம்தான் சுக்கான் திரும்ப வேண்டும். அன்றைக்கு வாலைப் பிடித்தவன் நான். குப்பன் குச்சியைத் தள்ளினார்.

"ஆடுது," என்றேன். மறுபடி தள்ளினார். "ஆடுது, ஆடுது. போலாம்."

புருஷோத்தமன் செட்டை வாங்கிக்கொண்டார். விமானம் அழகாக எழும்பியது. லேசாக இடது பக்கம் சாய்ந்தது. அவர் வலது கொடுத்தார். இன்னும் இடது பக்கம் சாய்ந்தது. இன்னும் வலது கொடுத்தார். பாக்யலட்சுமி என்ற நீல எழுத்து ஒரு தடவை வெயிலில் மின்னியது, அடுத்த நொடி மனைக்கல்லில் மோதி மூன்று துண்டானது.

புருஷோத்தமன் உடைந்த வாலை எடுத்துக் குச்சியைத் தள்ளிப் பார்த்தார். "தலைகீழா வச்சிருக்கீங்க. நான் வலது குடுத்தா இது இடது போவுது. யார் தலையிலயாவது விழுந்திருந்தா?"

குப்பனுக்குப் புரியவில்லை. "எனக்கு இதான் சார் நேரா இருக்கு," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். நான் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும், பார்க்கவில்லை, வெறுமனே ஆடுகிறது என்று சொல்லிவிட்டேன். அதை யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சிரித்தேன்.

குப்பன் கைத்தடியை எடுத்துத் தன் பின்பக்கம் கைப்பிடி மாதிரி பிடித்துக் காட்டினார். "படகுல இத இடது பக்கம் தள்ளுனா மூக்கு வலது பக்கம் போவும். வலது தள்ளுனா இடது போவும். இருபத்தேழு வருசம் அப்படித்தான் போச்சி."

விஷயம் எல்லோருக்கும் விளங்கியது. ஆனால் புருஷோத்தமன் இறங்கிவரவில்லை. ஒருவர் கண்ணில் தூசி விழுந்தால் பக்கத்தில் நிற்கிறவர் செட்டை வாங்கி ஓட்ட வேண்டும். அதற்கு எல்லோருடைய செட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். "பொங்கல் முடிஞ்ச மொத ஞாயித்துக்கெழமை வாங்க. எங்கள மாதிரி செட் பண்ணி, ரெண்டு எட்டுப் போட்டு, ரோட்டுல இறக்கிக் காட்டுங்க. அதுவரைக்கும் இங்க பறக்க வேணாம்."

அப்போது புரட்டாசி. குப்பன் மூன்று துண்டையும் சாக்கில் கட்டிக்கொண்டார். என் பைக்கில்தான் திரும்பினார். ரெட்டியார்பாளையம் சிக்னலில் நின்றபோது சொன்னார்:

"மூணு வருசமா என் கைக்கு எதுவும் திரும்பல சார். இது ஒண்ணு திரும்பும்னு நெனச்சேன். செரி, நான் கைய மாத்திக்கறேன்."

இருபத்தேழு வருஷத்துக் கையை மூன்று மாதத்தில் மாற்ற முடியாது என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, என் லேப்டாப்பில் விமானம் ஓட்டிப் பழகுகிற ஒரு புரோகிராம் இருக்கிறது, செட்டை எங்கள் முறைக்கு மாற்றி வயரில் இணைத்துக்கொள்ளலாம், மத்தியானம் கடையில் கூட்டம் இருக்காது, வாங்க என்றேன். பெரிய மனசு என்று அவர் நினைத்திருக்கலாம். குற்ற உணர்ச்சி என்று எனக்குத் தெரியும்.

ஐப்பசி மழையில் வீராம்பட்டினத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வாரத்துக்கு மூன்று நாள் வந்தார். கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து விமானத்தை விழ வைப்பார். ஒரு மத்தியானத்துக்கு நாற்பது, ஐம்பது தடவை விழும். மழைக்கு ஒதுங்கிய நோயாளிகள் தங்கள் வலியை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். "யோவ், வலது பக்கம்யா," என்று செஞ்சிக்காரர் ஒருவர் சிகிச்சையே கொடுத்தார். குப்பன் யாரையும் முறைக்கவில்லை. விழுந்த உடனே கட்டைவிரலால் பட்டனை அழுத்தி மறுபடி எழும்புவார். அந்தப் பொறுமையில் கால்வாசி இருந்தால் நான் இந்த ஊரிலேயே பெரிய மருந்துக் கடைக்காரன் ஆகியிருப்பேன்.

பாக்யலட்சுமி ரெட்டியார்பாளையம் தெருக்களில் ஸ்கூட்டரில் மீன் விற்பவர். வியாபாரம் முடிந்தால் சில நாள் குப்பனை அழைத்துப்போகக் கடைக்கு வருவார். ஒரு நாள் குப்பன் டீக்கடைக்குப் போயிருந்தபோது என்னிடம் கேட்டார்.

"அண்ணே, இதுல பாஸாவாரா?"

"கஷ்டம்தாம்மா."

சேலை முந்தானையில் முகத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டார். "கடலுக்குப் போற காலத்துல தெனமும் வாசல்ல நின்னு 'போயிட்டு வரேன்'னு சொல்லுவாரு. மூணு வருசமா அந்த வார்த்த இல்ல. எங்க போனாலும் 'தோ வரேன்'னுதான். கேட்டா, போறதுன்னா கடலுக்குப் போறதுதானாம், இதெல்லாம் போறதாங்கறாரு." பிறகு, "நான் எப்பவும் படகு போறத நின்னு பாத்ததில்ல அண்ணே. முதுகக் காட்டித்தான் நிப்பேன். மூக்கு கரைய பாத்துத் திரும்புனப்பறம்தான் பாப்பேன்," என்றார்.

சளி மாத்திரை வேண்டுமா என்று கேட்டேன்.

கார்த்திகை பிறந்து பத்து நாள் இருக்கும். வெளியே நல்ல மழை. லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்த குப்பன் திடீரென்று கேட்டார்.

"சார், ஒண்ணு கவனிச்சீங்களா? நான் எப்பவும் விமானம் அந்தாண்ட போறப்பதான் வுழறேன். நம்மள பாத்து வர்றப்ப ஒரு வாட்டிகூட வுழல."

நான் நம்பவில்லை. எங்கள் குழுவில் அத்தனை பேருக்கும் அதற்கு நேர் எதிர். விமானம் போகும்போது சுலபம். அது திரும்பி நம் முகத்தைப் பார்த்து வரும்போதுதான் கை தடுமாறும், ஏனென்றால் அப்போது அதன் வலது நமக்கு இடது. நான் உடைத்த பதினாறு விமானங்களில் பதினைந்து, வரும்போது உடைத்தவை.

குப்பன் ஒரு இருமல் மருந்து டப்பாவை எடுத்து, மூக்கு தன்னைப் பார்க்கும்படி மேஜையில் வைத்தார். "வலது குடுத்தா இது அதோட வலதுக்குப் போவும். நமக்கு அது இடது பக்கம் போற மாதிரி தெரியும். தள்ளுனதுக்கு எதிர்ப் பக்கம். இது எங்க படகு சார். இருபத்தேழு வருசமா நான் பழகுனது."

எழுந்தே நின்றுவிட்டேன். அவர் சொல்வது சரி. நாங்கள் சொன்னபடி செட் பண்ணினாலும், வானத்தில் பாதி அவருக்கு ஏற்கெனவே தெரியும். அதுவும் எங்களுக்குத் தெரியாத பாதி.

"அப்ப பாதிக் கைய மாத்துனா போதும்," என்றார் குப்பன். "போறப்ப பைக்கு, காரு ஓட்டறவங்க கை. ரோட்டுக் கை. வர்றப்ப நம்ம கை. கடல் கை."

அன்றிலிருந்து அவரைத் தடுக்க முடியவில்லை. லேப்டாப் இல்லாதபோது கடை வாசலில் நின்று பஸ்களைப் பார்ப்பார். விழுப்புரம் பஸ் அந்தப் பக்கம் போனால் வலது கட்டைவிரல் ஒரு மாதிரி அசையும். இந்தப் பக்கம் வந்தால் வேறு மாதிரி அசையும். உதடு முணுமுணுக்கும். ரோடு. ரோடு. கடல். ரோடு. இந்த ஆளுக்கு நரம்பு டாக்டரிடம் சீட்டு வாங்கித் தரட்டுமா என்று ஒரு அம்மாள் என்னிடம் பரிவோடு கேட்டார். மார்கழி முடிவதற்குள் ஒரு மத்தியானத்துக்கு ஐம்பது தடவை விழுந்தது நான்கு தடவையானது. மூன்று துண்டையும் ஒட்டி, இழைத்து, பெயரையும் மறுபடி எழுதிவிட்டார்.

பொங்கல் முடிந்த முதல் ஞாயிறு. வாடைக் காற்று மெல்ல வீசியது. பாக்யலட்சுமியும் வந்திருந்தார். புருஷோத்தமன் நோட்டோடு நின்றார். "வால் யார் புடிக்கறீங்க?"

நான் போய்க் குந்தினேன். இந்தத் தடவை கண்ணை அகற்றாமல் பார்த்தேன். குப்பன் தள்ளினார். "வலது," என்றேன். தள்ளினார். "இடது," என்றேன். எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் வாலைப் பிடித்தபடியே இருந்தேன்.

"புருஷோத்தமன், ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் பாக்கல. எந்தப் பக்கம் போவுதுன்னு பாக்காமலே ஆடுதுன்னு சொன்னேன். பாத்திருந்தா அங்கயே நிறுத்தியிருப்போம். விமானம் ஒடஞ்சது என்னாலதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புரட்டாசியிலிருந்து உள்ளே வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. ஆனால் நிம்மதி வரவில்லை, அவமானமாகத்தான் இருந்தது.

"தெரியும் சார்," என்றார் குப்பன். "நீங்க அப்ப போனைப் பாத்துட்டு இருந்தீங்க."

"தெரிஞ்சா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உங்க கடைக்கு எப்படி சார் வர்றது?"

புருஷோத்தமன் நோட்டை மூடினார். அவர் முகம் சிவந்திருந்தது. "பலராமன் சார், நீங்க இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் இவ்ளோ தூரம் இழுத்திருக்க மாட்டேன். குப்பன், டெஸ்ட் ஒண்ணும் வேணாம். இன்னிக்கே சேந்துக்குங்க."

"இல்ல சார்." குப்பன் செட்டின் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "தலைகீழா வச்சது நான்தானே? கை மாறிச்சான்னு எனக்கும் தெரியணும். நீங்க பாருங்க."

இடுப்பு வலிக்காமலிருக்கக் காலை அகட்டி நின்றார். படகில் நிற்கிற நிலை அதுதான் என்று பாக்யலட்சுமி என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, மோட்டார் சத்தம் எழுந்ததும் ஓடுபாதைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

விமானம் எழுந்து அந்தப் பக்கம் போனது. காற்று இடித்து இறக்கை இடது பக்கம் தாழ்ந்தது. குப்பனின் கட்டைவிரலும் இடது பக்கமே போனது. கடல் கை. இறக்கை இன்னும் தாழ்ந்தது, கருவேல மரங்களுக்கு மேல் ஒரு ஆள் உயரம்தான் இருந்தது. "ரோடு," என்று அவர் தமக்குத் தாமே சொன்னது காதில் விழுந்தது. விரல் வலது பக்கம் வந்தது. விமானம் நிமிர்ந்தது.

"அண்ணே, திரும்பிடிச்சா?" என்றார் பாக்யலட்சுமி, முகத்தைத் திருப்பாமல்.

"இன்னும் இல்லம்மா."

அது தூரத்தில் வளைந்தது. மூக்கு எங்களைப் பார்த்தது.

"திரும்பிடிச்சி."

பாக்யலட்சுமி திரும்பினார். அதற்குப் பிறகு அந்த விமானம் தடுமாறவில்லை. ஒரு எட்டு, இரண்டு எட்டு. போகும்போது குப்பனின் நெற்றி சுருங்கியது, வரும்போது விரிந்தது. கடைசியில் ரோட்டின் கோடியிலிருந்து, எங்கள் ஏழு பேரையும் நடுங்க வைக்கிற அந்தத் திசையில், நேராக அவர் முகத்தைப் பார்த்துத் தாழ்ந்து வந்தது. காற்று தள்ளத் தள்ள அவர் சின்னச் சின்னதாகத் திருத்தினார். சக்கரம் தாரைத் தொட்டது, உருண்டது, அவருடைய செருப்புக்கு நாலடி முன்னால் நின்றது.

புருஷோத்தமன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "வர்றப்ப இப்படி இறக்க எனக்குச் சொல்லித் தருவீங்களா?" என்றார்.

குப்பன் பேட்டரியை மாற்றினார். விமானத்தைத் தூக்கி ரோட்டின் நடுவில் வைத்தார். பிறகு திரும்பி, கைத்தடி இல்லாமலே நாலு எட்டு நடந்து பாக்யலட்சுமியின் எதிரில் வந்து நின்றார்.

"போயிட்டு வரேன்," என்றார்.

பாக்யலட்சுமி "ம்" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு ஓடுபாதைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். அழுதுகொண்டிருந்தார். நானும் அவர் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.